கேடயமும் பித்தளை வில்லையும்

நான் மகள் வீட்டுக்கு, பர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்து இரண்டாவது வாரம். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய என் பேத்தி, புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்பே கேட்டாள்: "தாத்தா, நம்ம குடும்பத்துச் சின்னம் என்ன?"

எனக்கு விளங்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அதில் வெறும் கேடயம் ஒன்று அச்சிட்டிருந்தது. வரலாற்றுப் பாடத்தில் நார்மன் மன்னர்களையும் வீரர்களையும் படிக்கிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பத்தின் கேடயச் சின்னத்தை வரைந்து, கீழே சொந்த ஊரின் பெயரையும் எழுதி, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டுமாம். இந்த நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் உங்களில் பலர் வீட்டுக்கும் இந்தத் தாள் வந்திருக்கும்.

"நமக்கு அதெல்லாம் ஏதும்மா? அது ராஜா வீட்டு சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டேன். குழந்தையின் முகம் சுருங்கிப் போயிற்று. நான் சொன்ன பதில் எனக்கே உறுத்தியது. அன்று இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பேத்தியும் நானும் உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் பிறந்தது கர்நாடகத்தில், கோலார் தங்கவயலில். அங்கே ஸ்கெலட்டன் என்று ஓர் இடம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எலும்புக்கூடு என்று பொருள் என்பதை நான் ஆறாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை அது எங்களுக்கு வெறும் ஊர்ப்பெயர். வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். அவற்றை லைன் என்போம். பக்கத்தில் சாம்பல் நிறத்தில் சயனைடு மண்மேடு. காற்றடித்தால் சோற்றில் அந்தத் தூசி விழும். நாள் முழுவதும் காதில் விழும் பேச்சு தமிழ். ஷிஃப்ட் மாறும்போது சங்கு ஊதும். அதுதான் எங்களுக்குக் கடிகாரம்.

முகம் மறைந்தபோது பிறந்த சின்னம்

ஐரோப்பாவில் கேடயச் சின்னம் எப்படி வந்தது? பன்னிரண்டாம் நூற்றாண்டில் போர்வீரர்கள் தலையையும் முகத்தையும் மறைக்கும் இரும்புக் கவசம் அணியத் தொடங்கினார்கள். எதிரே குதிரையில் வருபவன் நண்பனா பகைவனா என்று தெரியாது. ஆகவே கேடயத்திலும் கொடியிலும் மேலங்கியிலும் தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற நிறங்களில் சிங்கம், கழுகு, பட்டை, சிலுவை என்று தீட்டிக்கொண்டார்கள். எழுத்துத் தெரியாதவனும் படிக்கக்கூடிய பெயர்ப்பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1128ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி தம் மருமகனாகப்போகும் ஜெஃப்ரிக்கு வீரப்பட்டம் அளித்தபோது, பொன் சிங்கங்கள் தீட்டிய கேடயம் ஒன்றைக் கழுத்தில் மாட்டினார் என்று பின்னால் வந்த ஒரு நூலாசிரியர் எழுதுகிறார். அந்த ஜெஃப்ரியின் பேரன் வில்லியம் 1226இல் இறந்தார். சாலிஸ்பரி தேவாலயத்தில் உள்ள அவர் கல்லறைச் சிற்பத்தின் கேடயத்திலும் சிங்கங்கள். தாத்தாவை அடையாளம் காட்டிய படம் பேரனுக்கு வந்துவிட்டது. இப்படித்தான் தனி மனிதனின் அடையாளம் ஒரு குடும்பத்தின் அடையாளம் ஆனது.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. அப்பனும் மகனும் ஒரே சின்னத்தோடு நின்றால் யார் யார் என்று எப்படித் தெரியும்? அதற்கும் வழி கண்டார்கள். அப்பா உயிரோடிருக்கும்வரை மூத்த மகன் தன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல் கொண்ட ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்வான். இளவரசர் வில்லியத்தின் சின்னத்தில் அந்தப் பட்டையை இன்றும் பார்க்கலாம். குலமும் தெரியவேண்டும், ஆளும் தெரியவேண்டும்; இரண்டையும் ஒரே பலகையில் எழுதிவிட்டார்கள்.

நம்மிடம் இருந்தது

"நம்ம ஊர் ராஜாக்களுக்கு இது இல்லையா தாத்தா?" என்றாள் பேத்தி. இருந்தது அம்மா, அதற்கும் முன்பே இருந்தது என்றேன்.

சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். இது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மலர்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவதில்லை. சேரர் பனம்பூவையும், பாண்டியர் வேப்பம்பூவையும், சோழர் ஆத்திப்பூவையும் சூடிப் போருக்குப் போனார்கள். தொல்காப்பியத்தின் புறத்திணையியல் இம்மூன்று பூக்களையும் போரில் சூடும் அடையாளப் பூக்களாகச் சொல்கிறது. போர்க்களத்து நெரிசலில் யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டிய அதே தேவைதான். இவர்கள் இரும்பில் தீட்டினார்கள்; நம்மவர்கள் தலையில் சூடினார்கள்.

புறநானூற்றில் நாற்பத்தைந்தாம் பாட்டைப் பாடியவர் கோவூர்கிழார். நலங்கிள்ளி என்ற சோழன், நெடுங்கிள்ளி என்ற இன்னொரு சோழனை உறையூரில் முற்றுகையிட்டிருக்கிறான். புலவர் இருவரையும் பார்த்துச் சொல்வதன் சாரம் இது: எதிரே நிற்பவன் பனம்பூச் சூடியவனும் இல்லை, வேப்பம்பூச் சூடியவனும் இல்லை, உன் தலையிலும் ஆத்தி, அவன் தலையிலும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே! குலச்சின்னம் பகைவனைக் காட்டிக் கொடுக்கும் என்றுதான் நினைக்கிறோம். உறவினனையும் அது காட்டிக் கொடுக்கும் என்று அந்தப் புலவர் கண்டுகொண்டார். ஒரே பூவைச் சூடிக்கொண்டு இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பது நம் சங்கங்களில் இன்றும் நடப்பதுதானே!

பிற்காலச் சோழரின் செப்பேட்டு முத்திரைகளைப் பார்த்தால் இன்னொரு செய்தி புரியும். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளில் 31 ஏடுகள். அவற்றைக் கோத்த வளையத்தில் உள்ள முத்திரையில் புலி உட்கார்ந்திருக்கிறது. கூடவே பாண்டியனின் மீனும் சேரனின் வில்லும். வென்றவன் தோற்றவர்களின் சின்னத்தையும் எடுத்துத் தன் முத்திரையில் வைத்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குடை. இந்தக் குடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஈழத்து வாசகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியும், கீழே 'சேது' என்ற சொல்லும் உண்டு. படமும் சொல்லும் சேர்ந்தே வரும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது.

கோலார் மண்ணில் மாறிய சின்னங்கள்

எங்கள் தங்கவயலுக்கு அருகில் உள்ள கோலார் நகரம் பழைய ஊர். குவளாலபுரம் என்பது அதன் பழம்பெயர்களில் ஒன்று. கங்க மன்னர்களுக்கு அது முதல் தலைநகர். அவர்கள் செப்பேட்டு முத்திரையில் இருப்பது யானை. கி.பி. 1004 வாக்கில் சோழர் கங்கநாட்டைப் பிடித்தார்கள். யானை போய்ப் புலி வந்தது. கோலார்ப் பகுதிக்கு நிகரிலிச் சோழ மண்டலம் என்று பெயரும் மாறியது. கோலாரம்மன் கோயிலில் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பின்னால் ஹொய்சளர், விசயநகரத்தார், மைசூர் உடையார்கள் என்று ஆட்சி மாற மாறச் சின்னமும் மாறியது.

மைசூருக்குச் சின்னம் கண்டபேருண்டம் என்னும் இருதலைப் பறவை. விசயநகர மன்னர் அச்சுதராயரின் காசுகளிலேயே அந்தப் பறவை உண்டு. இன்று கர்நாடக அரசின் சின்னத்தில் இருப்பதும் அதுதான். ஆனால் அதை ஐரோப்பியக் கேடயத்துக்குள் அடைத்து, இருபுறமும் காவலுக்கு விலங்குகளை நிறுத்தும் பாணி வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. 1877 ஜனவரி முதல் நாள் டில்லியில் விக்டோரியா மகாராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தபோது, நம் சமஸ்தான மன்னர்களுக்காக ஏறக்குறைய 90 பட்டுக்கொடிகள் தயாராயின. அவற்றுக்குச் சின்னங்களை வரைந்தவர் வங்காளத்தில் பணியாற்றிய இராபர்ட் டெய்லர் என்ற ஆங்கில அதிகாரி. பல ராஜாக்களுக்கு அந்த ஆண்டுதான் கேடயம் கிடைத்தது. ஆக, ராஜா வீட்டுச் சின்னமும் சில சமயம் வேறு யாரோ வரைந்து கொடுத்ததுதான்!

யாருக்கு உரிமை?

இங்கேதான் பேத்தி ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "யார் வேணும்னாலும் சின்னம் வெச்சுக்கலாமா?"

பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியில் பார்த்தோலஸ் என்ற சட்ட அறிஞர் இருந்தார். பெயர் வைத்துக்கொள்வது போலத்தான் சின்னமும். பிறருக்குத் தீங்கு இல்லையென்றால் யாரும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. ஐரோப்பாவின் சில பகுதிகளில் கைவினைஞர் சங்கங்களும் உழவர்களும்கூடச் சின்னம் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் பிடி இறுகியது. 1385இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்பின்போது ஸ்க்ரோப், குரோவனர் என்ற இரு வீரர்கள் ஒரே சின்னத்தோடு, நீலத்தில் சாய்ந்த பொன்பட்டையோடு, வந்து நின்றார்கள். வழக்கு ஐந்து ஆண்டு நடந்தது. நூற்றுக்கணக்கான சாட்சிகள். கவிஞர் சாசரும் 1386இல் சாட்சி சொன்னார். கடைசியில் ஸ்க்ரோப்புக்கே உரிமை என்று 1390இல் மன்னர் முடித்து வைத்தார். ஒரு பட்டைக்காக ஐந்து வருஷமா என்று சிரிக்கலாம். அவர்களுக்கு அது பட்டை இல்லை, பெயர்.

நம்மூரில் இதற்குக் குறைவா? வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, எந்தக் கொடியை யார் பிடிக்கலாம், எந்தத் தெருவில் ஊர்வலம் போகலாம் என்று பல தலைமுறை அடித்துக்கொண்டார்கள். 1707, 1708இல் சென்னைப் பட்டணத்திலேயே தெருச் சண்டையாக அது மூண்டது.

அந்த இரண்டு கையிலும் ஒட்டியும் ஒட்டாமலும், சேரியில் வைக்கப்பட்டிருந்த மக்கள் இருந்தார்களே, என் முன்னோர் அவர்களில் சேர்ந்தவர்கள். வட ஆற்காட்டுக் கிராமம். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. சோழனின் முத்திரையில் புலிக்கு மேலே விரிந்திருந்த குடை, என் கொள்ளுத்தாத்தாவின் தலைக்கு மேலே விரியக் கூடாது. சின்னம் இல்லாமல் இருப்பது ஒன்று. வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருப்பது வேறொன்று. பேத்தியிடம் இதைச் சொல்லலாமா என்று மகள் தயங்கினாள். சொல்லிவிட்டேன்.

ஸ்கெலட்டனில் எங்கள் அடையாளம்

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நம் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவும் வந்தார். முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது ஒரு கறுப்புக் குடை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மழை இல்லாத நாளிலும் அதைப் பிடித்துக்கொண்டு லைனில் ஒரு சுற்று வருவாராம்.

சுரங்கத்தில் இறங்குபவனுக்குப் பெயரைவிட எண் முக்கியம். என் நைனாவின் எண் 4172. எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று, டோக்கன் என்போம். இறங்கும்போது டைம் ஆபீஸ் ஜன்னலில் வாங்கிக்கொள்ள வேண்டும், ஏறி வந்ததும் திருப்பித் தர வேண்டும். பலகையில் கொக்கி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்குக் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் போனவை. உள்ளே இருட்டு, வெக்கை, உடம்பெல்லாம் கல்தூசி. எல்லா முகமும் ஒரே முகம்.

பாறை வெடித்துச் சரிவதை ஏர் பிளாஸ்ட் என்போம். பூமி குலுங்கும். அடுக்கிவைத்த பாத்திரங்கள் கலகலக்கும். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு நடு இரவில் அப்படிக் குலுங்கியது. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடினாள். லைன் முழுவதும் அங்கே நின்றது. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பலகையைப் பார்த்துப் பார்த்து எண்களைப் படித்தார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் கூட்டத்தில் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். நைனா விடியற்காலையில் மேலே வந்தார். பக்கத்து வீட்டு மாமாவின் கொக்கி காலியாகவே இருந்தது.

ஐரோப்பாவில் போர் முடிந்த மாலையில், சின்னங்களைக் கற்றறிந்த ஹெரால்டு என்ற அதிகாரிகள் களத்தில் நடந்து, இறந்தவர்கள் யார் யார் என்று அவர்கள் அங்கியையும் கேடயத்தையும் பார்த்து எழுதுவார்களாம். பேத்தியின் பாடப்புத்தகத்தில் அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பலகையும் விளக்கும் கண்ணுக்கு முன் வந்து நின்றன.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. கேடயத்தை வீரன் விரும்பித் தீட்டிக்கொண்டான். வில்லையை எங்களுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த அடையாளத்தை எங்கள் ஆட்கள் வாய்மூடி வாங்கிக்கொள்ளவும் இல்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னபோது தங்கவயலே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. "ரேகை வைக்க நாம என்ன திருடனா?" என்று அப்போது கேட்டதாக என் தாத்தா சொல்வார்.

தாங்களாகத் தேர்ந்துகொண்ட அடையாளங்களும் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை அமைத்து நூல்கள் வெளியிட்டார்கள். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை விட்டு, தாங்கள் யார் என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். பிறகு கட்சிக் கொடிகள். லைன் முனையில் கறுப்பு சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, செங்கொடி ஒன்று. 1952 தேர்தலில் அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்துக்குச் சின்னம் யானை. ஆயிரம் ஆண்டுக்கு முன் கங்க ராஜாவின் முத்திரையில் இருந்த விலங்கு, எழுத்துத் தெரியாத சுரங்கத் தொழிலாளிக்கு ஓட்டுச் சீட்டில் வழிகாட்டியது! பிற்காலத்தில் ரிபப்ளிகன் கட்சியும் அ.தி.மு.க.வும் தங்கவயலிலிருந்து சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்பியிருக்கின்றன.

கேடயத்தைத் தாங்கும் சுரங்கத் தொழிலாளி

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பொரு முறை வந்திருந்தபோது மருமகன் எங்களைக் கார்ன்வாலுக்கு அழைத்துப் போனார். தங்கவயலில் எங்களை வேலை வாங்கிய சுரங்கக் கேப்டன்களில் பலர் கார்ன்வால்காரர்கள். அங்கே ஒரு கட்டட முகப்பில் அந்த மாவட்டத்தின் சின்னத்தைக் கண்டு நின்றுவிட்டேன். கறுப்புக் கேடயம், அதில் 15 பொன்வட்டங்கள். ஒரு பக்கம் கேடயத்தைத் தாங்குபவன் மீனவன். மறு பக்கம் சம்மட்டியோடு நிற்பவன் சுரங்கத் தொழிலாளி! ராஜாக்களுக்குச் சிங்கம் நிற்கும் இடத்தில் எங்கள் வேலைக்காரன்.

அந்தப் பொன்வட்டங்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கார்ன்வால் பிரபுவாக இருந்த ரிச்சர்டின் சின்னத்து ஓரத்தில் இருந்தவை. ஒரு பிரபுவின் தனிச் சின்னம் நாளாவட்டத்தில் மக்களுடையதாகிவிட்டது. 1939இல் மாவட்ட மன்றத்துக்கு அதை முறைப்படி வழங்கியபோது மீனவனும் சுரங்கத் தொழிலாளியும் இருபுறமும் வந்து நின்றார்கள். கீழே அவர்கள் எழுதியிருக்கும் வாசகத்தின் பொருள், 'ஒருவரும் எல்லோரும்'. அதை மருமகன் படித்துச் சொன்னபோது எனக்கு நைனா நினைவு வந்தது.

திங்கட்கிழமை

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. நைனாவின் வில்லை எங்களிடம் இல்லை. வேலையை விடும் நாளில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எண் மட்டும் மனதில் நிற்கிறது. கொள்ளுத்தாத்தாவின் குடையும் எப்போதோ மக்கிப் போயிற்று.

ஞாயிறு மாலை பேத்தி வரைந்து முடித்தாள். கேடயம் முழுதும் கறுப்பு. நடுவில் ஒரு மஞ்சள் வட்டம், அதில் 4172. கேடயத்தின் தலையில், மற்றவர்கள் கிரீடமோ சிங்கமோ வரையும் இடத்தில், விரித்த குடை ஒன்று. இரண்டு பக்கமும் யார் நிற்பது என்று கேட்டாள். ஒரு பக்கம் தலைவிளக்கோடு நைனா, மறு பக்கம் என் அம்மா. சுரங்க வாசலில் நின்றவளும் அவள்தானே.

கீழே ஊர்ப்பெயர் எழுதும் இடத்தில் கொஞ்சம் யோசித்தாள். "ஸ்கெலட்டன்னு எழுதினா கிளாஸ்ல சிரிப்பாங்க தாத்தா."

"கோலார்னு எழுதேன், பரவாயில்லை" என்றேன்.

பென்சிலைக் கடித்துக்கொண்டே சற்று நேரம் இருந்தாள். பிறகு தமிழிலேயே பெரிதாக எழுதினாள்: ஸ்கெலட்டன். "இப்படி எழுதினா யாருக்கும் படிக்கத் தெரியாது. கேட்டா நானே சொல்லிக்கறேன்" என்றாள்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒருநாள் அந்தத் தாளோடு வரும். என்னைப் போல 'நமக்கு ஏதும்மா' என்று சொல்லிவிடாதீர்கள். தோட்டத்துப் பேர்ச்சீட்டோ, கப்பல் டிக்கெட்டோ, தறியோ, வலையோ, பாட்டியின் அரிவாள்மனையோ, ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.